கடலம்மாவும் கடனும்: தகழி ஒப்பாய்வுகள் குறித்து ஒரு மறுப்பு

முன்னுரை

மலையாள நடப்பியல் புனைகதையின் முதல்வரிசைப் படைப்பாளர்களுள் ஒருவரான தகழி சிவசங்கரப் பிள்ளை (1912-1999) தமிழ் ஆய்வுலகிற்குப் புதியவர் அல்லர். 1962ஆம் ஆண்டு சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் செம்மீன் தமிழுக்கு வந்தது. அன்றுதொட்டு ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் பலருக்கு மலையாள நாவல் என்றதும் நினைவில் எழுவது செம்மீனே. இந்த அறிமுகம் பெருமைக்குரியது. ஆனால் அறிமுகமே முடிவாகிவிட்டதுதான் வருந்தத்தக்கது. தகழி என்றால் செம்மீன், செம்மீன் என்றால் நெய்தல் திணை, நெய்தல் என்றால் கற்பு என்னும் மூன்று சமன்பாடுகளில் ஒரு பெரும் படைப்பாளரின் அறுபதாண்டு எழுத்துழைப்பு அடக்கப்பட்டுவிடுகிறது.

இம்மூன்று சமன்பாடுகளும் பிழையானவை என்பது இக்கட்டுரையின் வாதம். நெய்தல் ஒப்பீடு தொல்காப்பிய நெறிப்படியே நிற்கவில்லை. கற்பு வாசிப்பு செம்மீனின் கதையமைப்பையே மறைக்கிறது. தகழியைச் செம்மீனாகச் சுருக்குதல், அவர் புனைகதையில் தமிழ் ஆய்வாளர் எவரினும் முன்னதாகக் கண்டிருக்க வேண்டிய மனிதர்களை, அதாவது தமிழ்ப் பெயர் தாங்கி ஆலப்புழையின் மலம் சுமந்தவர்களை, பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது.

தகழி: வாழ்வும் எழுத்தும்

ஆலப்புழைக்குத் தெற்கே, குட்டநாட்டு வயல்களை அடுத்த தகழி என்னும் சிற்றூரில் 1912 ஏப்ரல் 17 அன்று பிறந்தவர் சிவசங்கரப் பிள்ளை. கதகளிக் கலைஞர் குரு குஞ்சு குறுப்பு இவர் தந்தையின் உடன்பிறந்தவர். திருவனந்தபுரத்தில் பிளீடர் தேர்வுக்குப் பயின்ற காலத்தில் கேசரி ஏ. பாலகிருஷ்ண பிள்ளையின் வட்டத்தோடு ஏற்பட்ட தொடர்பு இவர் எழுத்தின் திசையைத் தீர்மானித்தது. மாப்பசான் முதலிய ஐரோப்பியக் கதையாளரை மலையாள இளைஞர்க்கு அறிமுகப்படுத்திய பெருமை கேசரிக்குரியது. பின்னர்த் தகழி அம்பலப்புழை நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். நிலத்தகராறு, குத்தகை, கடன்பத்திரம், பாகப்பிரிவினை ஆகியவை ஒரு நாட்டுப்புற வழக்குரைஞரின் அன்றாட உணவு. தகழியின் நாவல்களில் நிலமும் பணமும் கைமாறும் விதம் இத்துணை நுட்பமாக அமைந்ததற்கு இத்தொழிலறிவு துணைநின்றிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

1937இல் தோன்றிய ஜீவல் சாகித்திய இயக்கமும், அதன் தொடர்ச்சியாக 1944இல் உருவான முற்போக்கு இலக்கிய அமைப்பும் கேசவதேவ், பொன்குன்னம் வர்க்கி, வைக்கம் முகம்மது பஷீர், தகழி ஆகியோரை ஒரே காலகட்டத்தின் குரல்களாக ஆக்கின. கேசவதேவின் ஓடயில் நின்னு 1942இல் ஒரு ரிக்‌ஷாக்காரனைக் கதைத்தலைவனாக்கியது. தகழியின் தோட்டியின் மகன் 1947இலும், குட்டநாட்டு வேளாண் தொழிலாளரைப் பற்றிய இரண்டிடங்கழி 1948இலும் வெளிவந்தன. 1946 அக்டோபரில் நிகழ்ந்த புன்னப்பிரா வயலார் எழுச்சியின் பின்னணியில் எழுந்தது தலயோடு. இவற்றுக்கெல்லாம் பின்னர், 1956இல்தான் செம்மீன் வருகிறது. அதற்குப் பின்னும் ஔசேப்பின் மக்கள், ஏணிப்படிகள், அனுபவங்கள் பாளிச்சகள் என எழுத்து தொடர்ந்து, 1978இல் கயிறு என்னும் பெருநாவலில் முடிமணி சூடியது. 1957இல் சாகித்திய அகாதெமி விருதும், 1984ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் அவரை அடைந்தன.

இவ்வரிசையில் செம்மீன் ஒரு நடுப்புள்ளி. அதற்கு முன்னுள்ளதும் பின்னுள்ளதும் கூலி, நிலம், தொழிற்சங்கம், அலுவலகம், பதிவேடு ஆகியவற்றின் கதைகளே. நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே முழுக்கோடாக வரைவது ஆய்வாகாது.

நெய்தல் ஒப்பீட்டின் அடிப்படைப் பிழை

கடல் வருகிறது, மீனவர் வருகின்றனர், பிரிவும் இரக்கமும் வருகின்றன. ஆதலால் செம்மீன் நெய்தல் திணைக் காப்பியம் என்பது பழகிப்போன முடிபு. திணைக்கோட்பாடு முதல், கரு, உரி என்னும் மூன்றன் இயைபு என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். கடற்கரை இருப்பதால் மட்டும் நெய்தலாகுமெனின், துறைமுகக் கூலிகளைப் பற்றிய எந்த நாவலும் நெய்தலே ஆகிவிடும். அத்தகைய ஒப்பீடு எதையும் விளக்குவதில்லை. ஒரு பெயரை ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது.

கருப்பொருளின் முதலாவதான தெய்வத்தையே நோக்குக. தொல்காப்பியம் பெருமணல் உலகத்திற்கு உரியவனாகக் கூறுவது வருணனை. செம்மீனில் ஆட்சி செலுத்துவதோ கடலம்மா என்னும் பெண் தெய்வம். அவள் கரையிலுள்ள பெண்ணின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கிறாள். அது பிறழின் கடலில் உள்ள ஆணை விழுங்குகிறாள். இந்நம்பிக்கையை நெய்தலின் கருப்பொருளாகத் தொல்காப்பியம் சொல்லவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது காத்திருக்கும் பெண்ணின் ஆற்றாமையைச் சொல்வதேயன்றி, அவள் உடலை ஆணின் உயிர்க்குப் பிணையாக வைப்பதன்று.

கற்புடையாள் சொல்லுக்கு இயற்கை பணியும் என்ற எண்ணம் தமிழில் இல்லையா எனின், உண்டு. வாழ்க்கைத் துணைநலம் பேசும் குறளதிகாரத்தில் மழைக்கும் மனைவிக்கும் தொடர்பு கூறப்படுகிறது. கண்ணகியின் சினத்தில் மதுரை எரிகிறது. ஆனால் அவை அறநூலும் காப்பியமும் வளர்த்த கருத்துகள். நெய்தல் நிலத்திற்கே உரிய மரபுகள் அல்ல. அவற்றைப் பரதவர் பாக்கத்தில் கொண்டுபோய் வைத்து, சங்க காலத்திலிருந்து ஆலப்புழைக் கரைவரை ஒரே கற்புக்கோட்பாடு அறுபடாமல் வந்தது என்று நிறுவுதல் வரலாற்றைக் கலைத்துப்போடுவதாகும்.

இவ்வொப்பீடு செம்மீனுக்கு மட்டுமன்றி நெய்தலுக்கும் தீங்கு செய்கிறது. சங்க நெய்தற் பாடல்களில் தொழிலும் விலையும் உள்ளன. உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிச் செல்லும் உமணர் வருகின்றனர். தேரில் வரும் செல்வத் தலைவனிடம், இவள் மீன் உணக்கும் குடியினள், புலவு நாறும் நாங்கள் நினக்குப் பொருந்துவோமோ என்னும் கருத்துப்படத் தோழி மறுத்துரைக்கும் பாடல் நற்றிணையில் இடம்பெற்றுள்ளது. அப்பாடலில் பேசுவது கற்பு அன்று, ஏற்றத்தாழ்வு. செம்மீனுடன் நெய்தலை ஒப்பிட்டே ஆகவேண்டுமெனின் ஒப்பிட வேண்டிய இடம் இதுவே. ஆயினும் ஒப்பாய்வாளர் பெரும்பாலும் இப்பக்கம் திரும்புவதில்லை.

செம்மீனில் கடன்

செம்மீன் தொடங்குவது எதில்? கடலம்மாவின் கதையில் அன்று. தந்தை தோணியும் வலையும் வாங்கப் போகிறார் என்று கருத்தம்மா பரீக்குட்டியிடம் சொல்வதில்தான் நாவல் தொடங்குகிறது. முதலீட்டைப் பற்றிய பேச்சே காதலர் இருவரின் முதற்பேச்சு. தோணியும் வலையும் வாங்கச் செம்பன்குஞ்சிடம் போதிய பணம் இல்லை. இல்லாத பங்கைத் தருபவன் சிறுவணிகனான பரீக்குட்டி. கிடைக்கும் மீனை அவனுக்கே விற்பது உடன்பாடு. தோணி கைக்கு வந்ததும் செம்பன்குஞ்சு உடன்பாட்டை மறக்கிறான். பணமும் திரும்பவில்லை, மீனும் கிடைக்கவில்லை. பரீக்குட்டி முதலிழந்து கரையில் அலைகிறான்.

இக்கடனே கதையின் உள்நரம்பு. கருத்தம்மாவின் மனத்தை அறுப்பது காதல் நிறைவேறாமை மட்டுமன்று. தன் பொருட்டு ஒருவன் கொடுத்த பணம் திருப்பப்படவில்லை என்னும் குற்றவுணர்வும் ஆகும். சக்கியின் மனத்தையும் இதுவே அரிக்கிறது. திருமணப் பந்தலிலேயே பரீக்குட்டியின் பெயர் இழுக்கப்படுவதற்கு இடங்கொடுத்தது கடன்வழி வளர்ந்த பழக்கம். அலர் தூற்றப்பட்ட பெண் பழனியின் வீட்டுக்குப் போகிறாள். அலரும் அவளுக்கு முன்னே அங்குப் போய்ச் சேர்கிறது.

இனிப் பழனியின் சாவை நோக்குக. கற்பு வாசிப்பின் முழு வலிமையும் இவ்விறுதிக் காட்சியில் அடங்கியிருக்கிறது. கருத்தம்மா பரீக்குட்டியைச் சேரும் இரவிலேயே பழனி சுறாவால் இழுக்கப்பட்டுச் சுழலில் மறைகிறான். எனவே கடலம்மா தண்டித்தாள் என்பது முடிபு. பழனி அன்றிரவு ஏன் தனியே கடலுக்குப் போனான் என்னும் கேள்வியை இவ்வாசிப்பு எழுப்புவதில்லை. நாவல் அதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. மனைவியைப் பற்றிய வதந்திக்கு அஞ்சித் தோழர்கள் அவனைத் தங்கள் தோணியில் ஏற்ற மறுத்தனர். பலர் கூடித் துடுப்பிடும் பெருந்தோணியில் இடமிழந்தவன் சிறு தோணியும் தூண்டிலுமாகத் தனியே தொழில் செய்ய நேர்ந்தது. பெருஞ்சுறாவை எதிர்கொண்டபோது உதவ ஒருவரும் உடன் இல்லை.

கடன் பழக்கத்தைத் தந்தது. பழக்கம் வதந்தியைத் தந்தது. வதந்தி விலக்கத்தைத் தந்தது. விலக்கம் தனிமையைத் தந்தது. தனிமை சாவைத் தந்தது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் தெய்வத்திற்கு வேலையில்லை. கடலம்மா கொன்றாள் என்று கரை சொல்கிறது. கரை கொன்றது என்று கதை காட்டுகிறது. கரையின் சொல்லையே கதையின் முடிபாக எழுதிவைக்கும் ஆய்வாளர், அவ்வதந்தியைப் பரப்பிய கூட்டத்தில் தாமும் ஒருவராகச் சேர்ந்துகொள்கிறார்.

தகழிக்கு இதில் பங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. சேர்க்கையையும் சாவையும் ஒரே இரவில் அமைத்தவர் அவரே. நம்பிக்கையின் பிடியில் வாழும் மக்களைச் சித்திரிப்பது வேறு. அந்நம்பிக்கை மெய்ப்பட்டதுபோல முடிவைக் கட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையில் செம்மீன் ஊசலாடுகிறது. 1947இலும் 1948இலும் தாம் கையாண்ட நடப்பியல் கண்டிப்பை 1956இல் தகழி தளர்த்தினார் என்பதே நேர்மையான மதிப்பீடு. அத்தளர்ச்சியையே அவர் பெருமையின் உச்சமாகப் பாடமாக்குவது பொருந்தாது. 1965இல் ராமு காரியாட்டின் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்று நாடெங்கும் புகழ் எய்தியது. கடன் கதையைவிடக் கடலம்மா கதை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். திரைப்படத்தின் நினைவை நாவலின் மீது ஏற்றி எழுதுவதை ஆய்வாளரேனும் தவிர்த்தல் வேண்டும்.

கரையிலிருந்து எழுந்த மறுப்பு

செம்மீன் வெளிவந்த காலத்திலேயே அதன் சித்திரிப்பை எதிர்த்த குரல் ஒன்று உண்டு. அரயர் சமுதாயத்தில் பிறந்தவரும், அரயன் என்னும் இதழை நடத்தியவரும், சீர்திருத்தச் செயற்பாட்டாளருமான டாக்டர் வேலுக்குட்டி அரயன், செம்மீனைக் கண்டித்து ஒரு விமரிசன நூலே எழுதினார். தம் மக்களின் வாழ்வையும் வழக்கையும் நாவல் தவறாகக் காட்டிவிட்டது என்பது அவர் தரப்பு. அவருடைய ஒவ்வொரு கூற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. புனைகதை இனவரைவியல் அன்று என விடையிறுக்கவும் கூடும். ஆயினும் ஒரு நாவலை மீனவர் வாழ்வின் ஆவணமாகக் கொண்டு ஆய்வேடு எழுதுவோர், அது ஆவணமாகாது என்று அம்மீனவர் சமுதாயத்தின் அறிஞர் ஒருவர் நூலெழுதி மறுத்ததை அறியாமலோ, அறிந்தும் குறிப்பிடாமலோ விடுவது எவ்வகையிலும் முறையன்று.

மேலும் ஒன்று. மீன்பிடித்தொழிலை இயந்திரமயமாக்கும் நோக்கில் இந்தோ-நார்வே திட்டத்திற்கான ஒப்பந்தம் 1952இல் ஏற்பட்டு, கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரைப் பகுதியில் பணிகள் தொடங்கின. பின்னாளில் இறால் ஏற்றுமதிச் சரக்காகி அக்கரையின் பொருளியலையே மாற்றியது. இறாலைக் குறிக்கும் பெயரைத் தலைப்பாகக் கொண்ட நாவலில் இம்மாற்றத்தின் அரவம் கேட்பதில்லை. இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. கதை நிகழும் காலம் முந்தையதாக இருக்கலாம். ஆனால் இந்நாவலைக் கடற்கரையின் காலங்கடந்த உண்மையாகப் போற்றுவோர், காலம் அக்கரையிலும் ஓடியது என்பதை நினைத்தல் நலம்.

தமிழில் இதற்கு இணையாக வைத்து நோக்கத்தக்க நாவல்கள் உள்ளன. வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977) வல்லத்திற்கும் லாஞ்சிற்கும் இடையே எழும் மோதலை மையத்தில் வைக்கிறது. ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு (2004) கரைச் சமுதாயத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல். வேலுக்குட்டி அரயனின் மறுப்பையும் ஆழி சூழ் உலகையும் அருகருகே வைத்துச் செம்மீனை வாசிக்கும் ஓர் ஆய்வு, நெய்தல் ஒப்பீட்டுக் கட்டுரைகள் நூறு தராத வெளிச்சத்தைத் தரும்.

தகழி காட்டிய தமிழர்

தமிழ் ஆய்வு தகழியிடம் தமிழைத் தேடுகிறது. தேடுவது தவறன்று; தேடும் இடந்தான் தவறு. அவர் நாவல்களில் தமிழர் வெளிப்படையாகவே உள்ளனர். ஆலப்புழை நகரத்தின் தோட்டிகளைப் பற்றிய தோட்டியின் மகனில் மூன்று தலைமுறை பேசப்படுகிறது. தாத்தனின் பெயர் இசக்கிமுத்து. மகனின் பெயர் சுடலைமுத்து. இசக்கியும் சுடலையும் எந்த நிலத்துத் தெய்வங்கள் என்பதைத் திருநெல்வேலி, நாஞ்சில் வட்டாரங்களை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வத்தின் பெயரைச் சுமந்து சென்று, அயல்மொழி நகரில் மலத்தைச் சுமந்தவர்களின் கதை அது. கடலம்மாவிற்குத் தமிழ் மூலம் தேடிச் சங்க இலக்கியத்தைப் புரட்டும் கைகள், கண்ணெதிரே நிற்கும் சுடலைமுத்துவைத் தொடாமல் விலகிச் செல்வதன் காரணம் என்ன? பழம்பெருமைக்குப் பயன்படும் தமிழை மட்டுமே தமிழாக எண்ணும் மனப்பாங்கு அன்றி வேறொன்றும் புலப்படவில்லை.

இந்நாவலின் சிறப்பு அதன் கருணையில் இல்லை, கண்டிப்பில் உள்ளது. முற்போக்கு நாவலின் வாய்பாட்டுக்கு இணங்கச் சுடலைமுத்து போராளியாக வளர்ந்திருக்க வேண்டும். தகழி அவ்வாறு செய்யவில்லை. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பது சுடலைமுத்துவின் ஒரே வேட்கை. அதற்காகக் காசு சேர்க்கிறான். அதற்காகவே தன் கூட்டத்தாரின் சங்க முயற்சியைக் காட்டிக்கொடுக்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். பெயரைக் கேட்டு ஊர் நகைக்கிறது. சேர்த்த பணத்தை நகராட்சியின் மேலிடத்தாரை நம்பி இழக்கிறான். நகரை வாரிச் செல்லும் கொள்ளைநோய்க்குத் தன் உயிரையும் கொடுக்கிறான். கடைசியில் மோகனனின் கைக்கு வருவது அதே வாளிதான். தந்தை கைவிட்ட போராட்டம் மகனிடம் வந்து சேர்கிறது. தனியொருவன் ஏறித் தப்பிக்கும் ஏணி அத்தொழிலுக்கு இல்லை என்பதை நாவல் உபதேசிக்கவில்லை. ஒரு தந்தையின் பாசத்தைக் கொண்டே காட்டிவிடுகிறது. சுடலைமுத்துவை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் வாசகன் தவிக்கிறான். நடப்பியலின் வெற்றி இத்தவிப்பே.

இதன் தமிழ் வரலாறும் சிந்தனைக்குரியது. திருவிதாங்கூர்ச் சீமையின் பகுதியாக 1956 வரை இருந்த நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி, தம் எழுத்துவாழ்வின் தொடக்கத்திலேயே மொழிபெயர்க்கத் தேர்ந்தது செம்மீனை அன்று, தோட்டியின் மகனையே. ஆனால் செம்மீன் 1962இல் நூலாயிற்று. தோட்டியின் மகன் தமிழில் நூலாக வெளிவர 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியில் தமிழ் ஆய்வுலகின் தகழி உருவாகி இறுகிவிட்டார். நூல் கிட்டாமையை அதுவரை காரணமாகச் சொல்லலாம். 2000க்குப் பின் அக்காரணமும் இல்லை.

மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2013இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியோர் இறந்த செய்திகள் ஓயவில்லை. பூமணியின் பிறகு (1979), சக்கிலியர் சமுதாயத்து அழகிரியின் வாழ்வை ஆரவாரமின்றிச் சொன்ன நாவல். சுடலைமுத்துவையும் அழகிரியையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஊரைவிட்டுச் சென்ற தமிழனும் ஊரிலேயே இருந்த தமிழனும் ஒரே சாதியமைப்பிடம் பெற்றது என்ன என்பது விளங்கும். உயிருள்ள ஒப்பாய்வு இத்தகைய இடங்களிலேதான் பிறக்கும்.

படியளவும் நிலமும்

இரண்டிடங்கழி என்னும் தலைப்பே ஓர் அளவை. இடங்கழி என்பது நெல்லளக்கும் படி. குட்டநாட்டில் கடல் மட்டத்திற்குக் கீழுள்ள நிலத்தில் நீரை இறைத்து வெளியேற்றி, வரம்பு கட்டிக் காத்து நெல் விளைவித்தவர் புலையர் முதலிய உழைக்கும் மக்கள். அந்நெல்லில் அவர்க்குரிய கூலி எவ்வளவு, அது நெல்லாகத் தரப்படுமா பணமாகத் தரப்படுமா என்பதே நாவலின் மைய வினா. நெல்விலை ஏறும் காலத்தில் கூலியைப் பணமாகக் கொடுத்துவிட்டு நெல்லை மறைமுகச் சந்தைக்கு அனுப்புவது நிலவுடைமையாளருக்கு இலாபம், உழைப்பவனுக்குப் பட்டினி. கோரன் இதனைத் தன் வயிற்றால் உணர்ந்து சங்கத்திற்கு வருகிறான். சிருதையை மணக்கப் பெண்பணத்திற்காக அவன் தன் உழைப்பையே அடகுவைக்க நேர்வதும், அவன் சிறைசென்ற காலத்தில் சாத்தன் சிருதையை உடன்பிறந்தாளாகக் காப்பதும் கதையின் பிற இழைகள். ஒழுக்கத்தைக் கண்காணிக்கத் தெய்வம் எதுவும் தேவைப்படாத ஓர் உலகை எட்டாண்டுக்கு முன்பே தகழி படைத்திருந்தார் என்பதைச் செம்மீன் ஆய்வாளர் கவனித்தல் வேண்டும்.

படியளவுப் போராட்டம் தமிழ்நாட்டிற்கும் அயலானதன்று. பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையின் பின்னணியில் நெற்கூலிக் கோரிக்கை இருந்தது. அந்நிகழ்வைப் பொருளாகக் கொண்டது இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் (1975). குட்டநாடும் காவிரிக் கழிமுகமும் நெல்லால் வாழ்ந்தவை. நெல்லளக்கும் படியால் பிளந்தவை. இரண்டிடங்கழியையும் குருதிப்புனலையும் ஒருசேரப் பயிலும் மாணவன், ஒரே கூலிச்சிக்கல் இரு மொழிகளில் எவ்வாறு கதையாயிற்று, எங்கெங்கே பிரிந்து சென்றது என்பதைக் கற்பான்.

கயிறு இவ்வனைத்தையும் தன்னுள் வாங்கிய ஆறு. நிலத்தை அளந்து தரம்பிரித்து வரி விதிக்கக் கிளாசிப்பேர் என்னும் அரசு அலுவலர் ஊருக்கு வருவதில் அது தொடங்குகிறது. தனித்தலைவன் இல்லை, தலைமுறைகள் வந்து போகின்றன, ஆயிரத்தை ஒட்டிய பாத்திரங்கள். தறவாடுகள் உடைகின்றன, நிலம் கைமாறுகிறது, சட்டங்கள் வருகின்றன. நிலத்திற்கும் மனிதனுக்கும் உள்ள உறவே அதன் கதைத்தலைவன் எனலாம். கேரளத்தில் 1957இல் அமைந்த அமைச்சரவையின் நிலவுறவுச் சட்ட முயற்சியும், 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குத்தகை ஒழிப்பும் நடந்தேறிய மண்ணில், அவற்றைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுதிய பெருங்கதை அது. ஞானபீடம் வரை சென்ற ஒரு வாழ்வுழைப்பின் நிறைவைப் புறந்தள்ளிவிட்டு, தகழியை முழுமையாக ஆய்ந்ததாக எவரும் உரிமை கொண்டாட இயலாது.

எதிர்வாதங்கள்

இங்கு மூன்று மறுப்புகள் எழலாம். தொன்மத்தின் ஆற்றலே செம்மீனை உலகறியச் செய்தது. அதனைக் கடன்கணக்காகச் சுருக்குவது கலைக்குக் கேடு என்பது முதலாவது. செம்மீனின் கவர்ச்சியை எவரும் மறுக்கவில்லை. தொன்மத்தை ஆராய்வது வேறு, தொன்மத்தை நம்புவது வேறு. ஒரு கரை தன் பெண்களின் மீது ஏன் அத்தகைய பாரத்தை ஏற்றியது, அதனால் எவருக்கு நன்மை, எவருக்குச் சாவு என்று கேட்பது தொன்ம ஆராய்ச்சி. கற்பின் பெருமை என்று எழுதி முடிப்பது அவ்வாராய்ச்சியைத் தொடங்கும் முன்பே கைவிடுவது.

தகழியின் தொடக்க நாவல்கள் பரப்புரைகள். கலைநயம் குறைந்தவை என்பது இரண்டாவது. இரண்டிடங்கழியின் இறுதி முழக்கத்தைப் பற்றி அவ்வாறு சொல்லின் ஓரளவு ஏற்கலாம். தோட்டியின் மகனுக்கு அது பொருந்தாது. தன் வர்க்கத்தைக் காட்டிக்கொடுப்பவனை நாவலின் மையத்தில் நிறுத்தி, அவனிடம் வாசகனின் அன்பையும் கேட்கும் படைப்பைப் பரப்புரை என்பார், அதனை வாசித்தவர் ஆகார்.

மூலமொழி அறியாதோர் மொழிபெயர்ப்பில் கிடைப்பதைக் கொண்டே ஆய்வு செய்ய முடியும் என்பது மூன்றாவது. இதில் நியாயம் உண்டு. ஆனால் இதுவே பெரிய குற்றச்சாட்டும் ஆகும். மலையாளத்தை ஓராண்டு முயன்றால் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய அண்மையில் உள்ள தமிழர், ஒப்பிலக்கியம் என்ற பெயரில் ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து ஆய்வேடுகளை அடுக்குவது, ஒப்பு என்னும் சொல்லுக்கே ஒவ்வாது. தமிழ்நாட்டிற்கு வெளியே பல்கலைக்கழகங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. அடுத்த அறையிலேயே வேற்றுமொழித் துறையைக் கொண்டிருக்கும் வாய்ப்பு அவற்றுக்குரியது. அவ்வாய்ப்பைப் பயன்கொள்ளாது, அகத்திணை அட்டவணையில் அயல்மொழி நாவலைப் பொருத்திக் காட்டுவதோடு நின்றால், அத்துறைகள் அங்கிருப்பதன் பயன் பாதியாகிவிடும்.

முடிவுரை

தகழியைத் தமிழில் மீண்டும் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் செம்மீன் இருக்கும் இடத்தில் தோட்டியின் மகனும் இருத்தல் வேண்டும். செம்மீனைப் பயிற்றும்போது வேலுக்குட்டி அரயனின் மறுப்பையும் சேர்த்துப் பயிற்றுதல் வேண்டும். அம்மறுப்பு நூல் தமிழாக்கம் பெறுதல் விரும்பத்தக்கது. நெய்தல் ஒப்பீட்டை மேற்கொள்ளும் ஆய்வேடு, வருணனுக்கும் கடலம்மாவிற்கும் உள்ள வேற்றுமையை விளக்கிவிட்டே மேற்செல்லுமாறு நெறியாளர் கேட்டல் வேண்டும். கூலி, கடன், நிலம், சாதி ஆகிய நான்கும் இரு மொழிப் புனைகதையிலும் எவ்வாறு இயங்கின என்பதை ஆராயும் தலைப்புகள் மாணவர்க்கு வழங்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. நூல்கள் உள்ளன, நூலகங்கள் உள்ளன, அண்டை மொழி அறிந்த ஆசிரியரும் உள்ளனர். கருத்தம்மாவின் கற்பை அளந்தது போதும். பரீக்குட்டியின் கடன் இன்னும் தீரவில்லை. அதனினும் மூத்த கடன் ஒன்று தமிழ் ஆய்வுலகின் பெயரில் நிலுவையில் உள்ளது. அதற்குரியவன் சுடலைமுத்து.